ஓய்வுக்குப் பிறகு மரக் கப்பல் மாதிரி செய்ய ஆசை: எதிலிருந்து தொடங்குவது?

முத்துநகர்
ஜனவரி 8, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் 31ஆம் தேதியோடு பணி ஓய்வு. 34 வருடம் கப்பல் சரக்குக் கணக்கு எழுதினேன். எந்தக் கப்பலில் எத்தனை டன் ஏறியது, எத்தனை டன் இறங்கியது என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. ஆனால் ஒரு கப்பலின் உடம்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சின்ன வயதில் அப்பா பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப் போவார். பாய் விரித்துத் தோணிகள் கொழும்புக்குப் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கேட்கிறது. அதனால் மரக் கப்பல் மாதிரி செய்யலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் எச்எம்எஸ் விக்டரி கப்பலின் கிட் ஒன்றை, அதாவது துண்டுகளைச் சேர்த்து நாமே கட்டும் பெட்டியை, வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். விலை நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் வரும் போலிருக்கிறது. பெட்டியில் எல்லாத் துண்டுகளும் வெட்டியே வருமாமே? தச்சு வேலை தெரியாதவன் நான். வாங்கலாமா? இடது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கை நடுக்கம் கிடையாது.

சாமணம்
ஜனவரி 8, இரவு 9:15

வணக்கம் ஐயா. நல்ல காரியம் தொடங்குகிறீர்கள். கோவையில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் உரிமையோடு சொல்கிறேன்: விக்டரியை இப்போது வாங்காதீர்கள்.

1765இல் கடலில் இறக்கிய கப்பல் அது. மூன்று பீரங்கித் தளம், நூறுக்கு மேல் பீரங்கிகள். அசல் கப்பலில் ஓடிய கயிறு மட்டும் 26 மைல் என்று சொல்வார்கள். மாதிரியில் அத்தனையும் வராது, ஆனாலும் ஒரே மாதிரியான துண்டை நூறு தடவை செய்யும் வேலை நிறைய வரும். நானும் முதலில் வாங்கியது அந்தப் பெட்டியைத்தான். உடம்புக்குப் பலகை அடித்து முடிப்பதற்குள் முன்பக்கம் முழுவதும் கோணிவிட்டது. இன்னும் பரண்மேல் இருக்கிறது.

"எல்லாம் வெட்டியே வரும்" என்று யார் சொன்னார்களோ, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். நீளவாட்டில் நடுவே நிற்கும் பிளைவுட் சட்டமும், அதன் குறுக்கே விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குகளும் வெட்டி வரும். அவற்றின் மேல் போர்த்த வேண்டிய பலகைகள் நேரான பட்டைகளாகத்தான் வரும். அந்த நேர்ப்பட்டையைக் கப்பலின் வளைவுக்குக் கொண்டுவருவதுதான் இந்தக் கலையில் முக்கால் பங்கு.

சின்னத் திறந்த படகிலிருந்து தொடங்குங்கள். மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தின் தொடக்க வரிசையில் ஒரு டோரி இருக்கிறது, 1:24 அளவு, அதாவது அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு. அட்லாண்டிக்கின் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் காட் மீன் பிடித்தவர்கள் பயன்படுத்திய படகு. அடி தட்டை. ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணம் மாதிரி அடுக்கிப் பெரிய கப்பலின் மேல்தளத்தில் ஏற்றிப் போவார்கள். அசலைக் கட்டிய லோவெல் பட்டறை மாசசூசெட்ஸில் 1793இலிருந்து இருக்கிறது. ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடும். கெட்டால் மறுபடி செய்ய மனசு வரும், அதுதான் முக்கியம்.

பெருங்கனவு
ஜனவரி 9, காலை 11:02

சாமணம் ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் மாறுபடுகிறேன். என் முதல் மாதிரியே கட்டி சார்க். 1869இல் கட்டிய தேயிலைக் கப்பல், இப்போது கிரீனிச்சில் நிற்கிறது. அதை நேரில் பார்த்துவிட்டு வந்துதான் ஆசைப்பட்டேன். வேறு ஏதோ ஒரு படகை என் கையில் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் மூடி வைத்திருப்பேன்.

நாலரை வருடம் ஆனது. பலகையை இரண்டு தடவை முழுவதும் பிய்த்து மறுபடி ஒட்டினேன். முடிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருக்கிறது. ஆசை எதன் மேலோ அதையே செய்யட்டுமே.

சாமணம்
ஜனவரி 9, இரவு 8:40

பெருங்கனவு, உங்கள் கட்டி சார்க் படங்களை நான் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஆசைதான் ஆளை நாற்காலியில் உட்கார வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை பிய்த்து ஒட்டும் பொறுமை உங்களுக்கு இருந்தது. எனக்கு இல்லை. பலருக்கும் இல்லை. அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் பிழை செய்தால் கை பயந்துவிடுகிறது. பயந்த கை மறுபடி அந்தப் பெட்டியைத் திறக்காது.

நூலும்_ஊசியும்
ஜனவரி 10, மாலை 4:30

முத்துநகர் அண்ணா, கண் விஷயமாக ஒன்று சொல்கிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வயது 66. தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குப் பக்கத்தில் வளையும் தண்டுள்ள எல்இடி விளக்கு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் 1:48 அளவில் கப்பி கட்டுவதுகூட எனக்குச் சிரமமில்லை.

நான் வங்கி வேலையில் இருந்தவள். தச்சு தெரியாது, தையல் தெரியும். பலகை வேலையில் திணறிய எனக்குக் கயிறு வேலை சட்டென்று கைவந்தது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறுகள் கறுப்பாக இருக்கும், தார் பூசியவை. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. இது தெரிந்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். பருத்தி நூல் வேண்டாம். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போனால் தொய்யும், வெயிலில் விறைக்கும். பாலியஸ்டர் நூலை எடுத்துத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு இழுப்பு இழுங்கள். மேலே நிற்கும் பிசிறு எல்லாம் படிந்துவிடும்.

ஏணிக்கயிறு கட்டும்போது குறுக்குக் கயிறு ஒவ்வொன்றுக்கும் கிளோவ் ஹிட்ச் முடிச்சு. பின்னால் ஒரு கோடு போட்ட அட்டையை நிறுத்திக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்துக் கட்டுங்கள். இழுத்து இறுக்காதீர்கள். இறுக்கினால் இரண்டு பக்கக் கயிறும் உள்ளே வளைந்து இடுப்பு ஒடுங்கிய மாதிரி ஆகிவிடும். எனக்கு முதல் கப்பலில் அப்படித்தான் ஆனது, 140 முடிச்சையும் அவிழ்த்தேன்.

பட்டறைத்தம்பி
ஜனவரி 11, இரவு 10:05

வணக்கம் சார். நான் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன், நாகப்பட்டினம் பக்கம். கருவிக்கு நிறைய செலவு செய்யாதீர்கள். நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். சாமணம், ஊசி அரம், சின்ன ரம்பம், கையால் திருகித் துளை போடும் பின் வைஸ் எல்லாம் அங்கேயே கிடைக்கும், விலையும் குறைவு. கம்பியச்சு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பொற்கொல்லர் கம்பி இழுக்கும் தகடு அது. மூங்கில் குச்சியைச் சீவி அதன் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக இழுத்தால் முக்கால் மில்லிமீட்டர் மர ஆணி கிடைக்கும். வெளிநாட்டில் இதற்கென்று தனியாகத் தகடு வாங்குகிறார்கள், நம் ஊர்க் கம்பியச்சிலேயே இழுக்கலாம்.

பிடித்து வைக்கத் துணிக் கிளிப் போதும். 120, 220, 400 என மூன்று உப்புத்தாள். சர்ஜிக்கல் பிளேடு 11ஆம் நம்பர். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை. உடனே ஒட்டும் சூப்பர் குளூவை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அந்த இடத்தில் சாயமும் ஏறாது. அதன் ஆவி கண்ணை எரிக்கும், உங்களுக்கு அது நல்லதில்லை. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டாயம்.

முத்துநகர்
ஜனவரி 12, காலை 7:20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்தேன். விக்டரி வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். டோரி கிட்டை அனுப்புகிறான். பெருங்கனவு சார், உங்கள் வார்த்தையையும் மறக்கவில்லை. என் ஆசை உண்மையில் விக்டரி மேல்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. கப்பல் மாதிரி என்றதும் படத்தில் பார்த்தது அது, அவ்வளவுதான்.

வல்வைக்கடல்
ஜனவரி 12, இரவு 11:48

வணக்கம் ஐயா. நான் வல்வெட்டித்துறை, இப்போது இருப்பது ரொறன்ரோவில். நீங்கள் தோணி என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கட ஊரில் கட்டின கப்பல் ஒன்று அமெரிக்கா வரைக்கும் ஓடியிருக்கிறது. பெயர் அன்னபூரணி. வேப்பமரத்தில் எங்கள் ஓடாவிமார், அதாவது கப்பல் தச்சர்கள், கட்டினது, 89 அடி, இரண்டு பாய்மரம். அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவி பெயரில் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளௌஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. சாமணம் ஐயா சொன்ன டோரிகளை அடுக்கிக்கொண்டு மீன்பிடிக்கப் போன கப்பல்களின் துறைமுகமும் அதுதான். எங்கள் வீட்டில் அப்பு இந்தக் கதையைச் சொல்லாத மழைக்காலம் இல்லை.

1:48 அளவில் கணக்குப் பார்த்தேன், 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு மேசையில் அடங்கும். அதைச் செய்வதுதான் என் ஓய்வுக்காலத் திட்டம், எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பழைய படங்களை இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

நூலும்_ஊசியும்
ஜனவரி 13, காலை 9:10

வல்வைக்கடல் தம்பி, படிக்கும்போதே மெய் சிலிர்த்தது. அந்தக் கப்பலுக்குக் கயிறு வேலை வரும்போது என்னிடம் கேளுங்கள், ஒவ்வொரு கயிறாக உட்கார்ந்து பேசலாம்.

முத்துநகர்
மார்ச் 2, மாலை 5:45

டோரி முடியப் போகிறது. ஆனால் ஒரு சிக்கல். வலது பக்கத்துப் பலகைகளை ஒரே மூச்சில் நான்கு நாளில் ஒட்டி முடித்தேன். இப்போது மேசையில் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தால் பின்பக்கம் ஒரு நூல் அளவு தூக்கி நிற்கிறது. முதலில் மேசைதான் கோணல் என்று நினைத்தேன். தகட்டைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். படகுதான் முறுக்கியிருக்கிறது.

சாமணம்
மார்ச் 2, இரவு 9:30

ஒரு பக்கமே ஒட்டியதால் வந்தது ஐயா. வளைத்து ஒட்டிய பலகை ஒவ்வொன்றும் நேராக நிமிரப் பார்க்கும். ஒரு பக்கம் நான்கு பேர் இழுத்து, மறுபக்கம் யாரும் இல்லாவிட்டால் முறுக்காமல் என்ன செய்யும்? இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும்.

கடைசி இரண்டு பலகை பசை இன்னும் முழுசாக இறுகியிருக்காது. அந்த ஓரத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய கத்தியால் பிரித்தெடுங்கள். இடது பக்கத்தை அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் இரண்டு பக்கத்தையும் சேர்த்து முடியுங்கள்.

அடுத்து வங்கு வைத்த கப்பல் செய்யும் எண்ணம் இருந்தால் இன்னும் இரண்டு விஷயத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். முதலாவது, வங்குகளின் ஓரத்தைச் சரிவாகத் தீட்டுவது. அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, நெருங்க நெருங்கக் கப்பல் குறுகும். வங்கின் ஓரம் சதுரமாகவே இருந்தால் பலகை அதன் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும். மெல்லிய பட்டை ஒன்றை மூன்று வங்குகளின் மேல் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் முழு ஓரமும் படிய வேண்டும். படியும்வரை உப்புத்தாள் ஒட்டிய குச்சியால் தேய்க்க வேண்டும். எனக்கு ஒரு கப்பலுக்கு இதற்கே இரண்டு வாரம் ஆகும். பரணில் கிடக்கும் விக்டரியில் இதை ஒரு மாலையில் முடித்தேன். அங்கேதான் அது கெட்டது.

இரண்டாவது, பலகையின் அகலத்தைக் குறைப்பது. ஒரு காகிதப் பட்டையை நடு வங்கின் மேல் மேலிருந்து கீழ்வரை சுற்றி அளந்து பாருங்கள். 90 மில்லிமீட்டர் வருகிறது, பலகை 5 மில்லிமீட்டர் என்றால் 18 பலகை. அதே 18 பலகையும் அணியத்தில் 54 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அங்கே ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர்தான். அதனால் ஒவ்வொரு பலகையையும் முனையை நோக்கிச் சீவிக்கொண்டே போக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் சீவக் கூடாது. அதற்கும் கீழே போக வேண்டி வந்தால் இரண்டு பலகையை ஒன்றாக்கி முடிக்கும் வழி இருக்கிறது, அந்த நிலை வரும்போது படத்தோடு விளக்குகிறேன். ஏராவை, அதாவது அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகுக்கட்டையை, ஒட்டிய முதல் பலகையை முன்னால் மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறினால் மேலே உள்ள எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு முறுக்கும்.

அமெரிக்காவின் நாட்டிகல் ரிசர்ச் கில்டு, பலகை அடிப்பதை மட்டும் பழகுவதற்கென்றே பாதிக் கப்பல் கிட் ஒன்று வைத்திருக்கிறது. அதாவது ஒரு பக்கம் மட்டும். அதுவும் நல்ல பயிற்சி.

பெருங்கனவு
மார்ச் 3, காலை 10:20

இந்தப் பதிவு நான் தொடங்கிய காலத்தில் என் கையில் கிடைத்திருந்தால் இரண்டாவது தடவை பிய்த்திருக்க மாட்டேன். சேமித்து வைத்துக்கொள்கிறேன். வளைப்பதற்கு ஒரு துணுக்கு: பட்டையைப் பதினைந்து நிமிடம் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வளைவில் கிளிப் போட்டு, ஹேர் டிரையரால் காய வைத்து, ஆறிய பிறகே பசை. ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் பலகைக்கு நடுவே இடைவெளி விழும்.

முத்துநகர்
மார்ச் 21, காலை 6:30

டோரி முடிந்துவிட்டது. இரண்டு பலகையையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். கண்ணாடித் தகட்டில் வைத்தால் இப்போது ஆடவில்லை. மனைவி அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

உப்புத்தாள் போடும்போது ஒன்று கவனித்தேன். பலகையின் மேல் விரலை முன்னிருந்து பின்னாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தெரிகிறது. 34 வருடம் பேனா பிடித்த விரல் இது.

இனி என் கேள்வி. தோணி செய்ய வேண்டும். கிட் கிடையாது என்று தெரியும். வரைபடம் எங்கே கிடைக்கும்?

சாமணம்
மார்ச் 21, இரவு 8:55

நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று ஜனவரியிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜான் எடி என்பவர், சோழமண்டலக் கரை, மலபார், இலங்கைப் படகுகளைப் பற்றி 1834இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் எழுதியிருக்கிறார், படங்களோடு. அதில் தோணியும் உண்டு. சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம், தட்டை அடி, ஒற்றைப் பாய்மரம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரிஸ் 1840களில் வெளியிட்ட தொகுப்பில் நம் கரையின் கட்டுமரமும், கயிற்றால் தைத்த சலங்குப் படகும் அளவோடு வரையப்பட்டிருக்கின்றன. அப்புறம் ஜேம்ஸ் ஹார்னெல். மதராஸ் மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்தவர், 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதினார். மூன்றும் பழையவை, இணைய நூலகங்களில் தேடிப் பாருங்கள்.

எடி எழுதியது வேறு காலத்துத் தோணி. நீங்கள் சிறுவனாகப் பார்த்தது ஏரா வைத்தது. ஆனாலும் தட்டை அடி கொண்ட இதையே முதலில் செய்யச் சொல்வேன். டோரியில் பழகிய கைக்கு அது எட்டும். 1:48 என்றால் பதினேழரை அங்குல நீளம், 5 அங்குல அகலம்.

பட்டறைத்தம்பி
மார்ச் 22, காலை 7:45

மரத்துக்கு நான் சொல்கிறேன் சார். அசல் தோணிக்கு இலுப்பை, ஆயினி எல்லாம் போடுவார்கள். வங்குக்கு இயல்பாகவே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடி எடுப்பார்கள். ஆனால் மாதிரிக்கு அசல் மரத்தையே போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். கப்பலைச் சின்னதாக்கினாலும் மரத்தின் ரேகை சின்னதாகாது, அப்படியே இருக்கும். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு பலகையில் தேக்கு ரேகை தெரிந்தால் அது பலகை மாதிரியே இருக்காது. ரேகை மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். மஞ்சக்கடம்பு அருமையாக இருக்கும். உங்களுக்குப் பக்கம்தானே, அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைபவர்களிடம் துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வெட்பாலையும் நல்ல மரம், வெள்ளையாக, மழமழவென்று. கர்நாடகாவில் சென்னபட்டணத்துப் பொம்மைக்கு அதைத்தான் கடைகிறார்கள். ஒரு அடி நீளத் துண்டு கொண்டுவந்தால் என் பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையாக அறுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

நூலும்_ஊசியும்
மார்ச் 22, மாலை 3:15

நங்கூரத்துக்கும் மற்றச் சின்னச் சாமானுக்கும் ஈயம் வார்க்காதீர்கள் அண்ணா. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்திலிருந்து வரும் புளித்த ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் பழைய மாதிரிகள் அப்படிக் கெட்டிருக்கின்றன. பித்தளைக் கம்பியில் செய்யுங்கள். கண்ணாடிப் பெட்டியிலும் காற்றுப் போகச் சின்னத் துளை விடுங்கள்.

முத்துநகர்
ஏப்ரல் 19, காலை 6:40

அம்பாசமுத்திரம் போய் வந்தேன். கடைசல் பட்டறையில் ஒரு பெரியவர் மஞ்சக்கடம்புத் துண்டுகள் ஆறு கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். தோணி என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன். தம்பி அறுத்து அனுப்பிய பட்டைகள் நேற்று வந்தன. வெண்ணெய் நிறம். மூக்கருகே வைத்தால் லேசான வாசனை.

போன வாரம் பழைய துறைமுகப் பக்கம் போனேன். ஓய்வு பெற்ற ஓடாவி ஒருவர், வயது எண்பதுக்கு மேல், என் வரைபடத்தை மடியில் வைத்துப் பார்த்தார். படத்தில் உள்ள அணியத்தைத் தொட்டு, "இது இன்னும் கொஞ்சம் நிமிரணும், அலையை ஏறி இறங்கணும்ல" என்றார். என் பென்சிலை வாங்கி அவரே ஒரு கோடு போட்டார். ஒரே கோடு, அழிக்கவே இல்லை. அது அவர் காலத்துத் தோணிக்குரிய அணியம் என்று புரிந்தது. எடியின் படத்தை மாற்றாமல் அப்படியே செய்கிறேன். அவர் கோடு போட்ட தாளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது அடுத்த தோணிக்கு.

பதினொரு வங்குகளை அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்த்துவிட்டேன். நாளை காலை மரத்தில் வெட்டுகிறேன். சாமணம் ஐயா, சரிவு தீட்டுவதற்கு முன்னால் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.